மழைக்காலத்தில் மட்டும் நன்றாக அயனி கடத்திய சவ்வு: பாடாங் செராயில் ஒரு ரப்பர் ஆய்வகத்தின் அனுபவம்

## இடமும் ஆட்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயைச் சுற்றி முன்பு பால்மரத் தோட்டங்கள்தான், அதாவது ரப்பர் தோட்டங்கள்தான் அதிகம். இப்போது செம்பனை நிறைய வந்துவிட்டது. பக்கத்திலேயே 1996-ல் தொடங்கிய கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ரப்பரும் மின்னணுவும் இப்படி அடுத்தடுத்து இருக்கும் ஊரில், இரண்டையும் சேர்த்து ஏதாவது செய்யலாமே என்ற எண்ணம் எழுவது இயல்புதான்.

ரப்பர் பதனிடும் ஆலை ஒன்றின் சிறிய ஆய்வகத்தில், ரப்பரிலிருந்து பேட்டரிக்கான சவ்வு செய்யும் அப்படி ஒரு முயற்சி தொடங்கியது. பங்கெடுத்தவர்கள் மூன்று பேர்: ஆய்வக மேற்பார்வையாளர், பால்வெட்டுக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு முதுநிலை ஆய்வு மாணவி, பல வருடம் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துப் பழகிய ஒரு மூத்த உதவியாளர். அளவீடுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வெளியிலிருந்து என்னை அழைத்தார்கள். மூவரும் சம்மதித்ததால் இதைப் பதிவு செய்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

## எதைச் செய்ய நினைத்தார்கள்

சாதாரண லித்தியம் பேட்டரிக்குள் எளிதில் தீப்பிடிக்கும் கரிமத் திரவம் இருக்கிறது. லித்தியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற லித்தியம் அணுக்கள்) அதன் வழியாகத்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகின்றன. திரவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அயனியைக் கடத்தும் ஒரு பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) சவ்வை வைத்தால், ஒழுகலும் இல்லை, தீ ஆபத்தும் குறைகிறது. பாலிஎதிலீன் ஆக்சைடு என்ற பாலிமர் உப்பைக் கரைத்துக்கொள்ளும் என்று 1973-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஃபென்டன், பார்க்கர், ரைட் ஆகியோர் காட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து பிரான்சின் மிஷேல் அர்மோன், இதைப் பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்று முன்வைத்தார்.

அந்தப் பாலிமரின் சங்கிலியில் இரண்டு கார்பனுக்கு ஓர் ஆக்சிஜன் வருகிறது. நான்கிலிருந்து ஆறு ஆக்சிஜன் வரை சேர்ந்து ஒரு லித்தியம் அயனியைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலி நெளியும்போது பிடி மாறும், அயனி அடுத்த இடத்துக்கு நகரும். சங்கிலி அசையாவிட்டால் அயனியும் நகராது. பாலிஎதிலீன் ஆக்சைடு 60 டிகிரிக்குக் கீழே பெருமளவு படிகமாக உறைந்துவிடுவதுதான் சிக்கல். பாரிஸில் 2011 முதல் 2018 வரை ஓடிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில் இந்த வகைப் பேட்டரிதான் இருந்தது. அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது.

இயற்கை ரப்பர் அறை வெப்பத்தில் உறைவதில்லை. அதன் சங்கிலி மைனஸ் 70 டிகிரிக்கு அருகில்தான் கண்ணாடிபோல் இறுகும். ஆனால் அதில் லித்தியத்தைப் பிடிக்க ஆக்சிஜன் கிடையாது. ஃபார்மிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துப் பாலை வினைப்படுத்தினால் ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகள் எப்பாக்சைடு வளையங்களாக (இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்தவை) மாறும், ஆக்சிஜன் வந்துவிடும். பாதிப் பிணைப்புகள் மாறியது எப்பாக்சி ரப்பர் 50, கால்வாசி மாறியது 25. மலேசிய ரப்பர் வாரியம் இந்த வகையை எகோப்ரீனா என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறது. நம் ஊர்ப் பாலிலிருந்தே அயனி கடத்தும் சவ்வு என்றதும் குழுவுக்குப் பிறந்த உற்சாகம் எனக்கும் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கூலிமில் உள்ள ஒரு நிறுவனம் இரண்டு சிறு கருவிகளுக்கு மாதிரி கேட்டிருந்தது. ஒன்று கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் பட்டை. அதற்கு 1 மில்லி ஆம்பியர் வேண்டும். மற்றது செம்பனைத் தோட்டத்தில் மண் ஈரம் அளக்கும் உணரி. அதற்கு 10 மைக்ரோ ஆம்பியர் போதும்.

## முதல் அளவீடுகள்

எப்பாக்சி ரப்பர் 50-ஐ டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் கரைத்து, லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி உலர்த்தினார்கள். கிடைத்த சவ்வு ஏறக்குறைய 100 மைக்ரோமீட்டர் தடிமன். அதிலிருந்து 1 சதுர சென்டிமீட்டர் வெட்டி, இரண்டு துருப்பிடிக்காத எஃகு வட்டுகளுக்கு நடுவே வைத்து, இம்பீடன்ஸ் அனலைசரில் மின்தடை பார்த்தார்கள்.

அது அக்டோபர் மாதம், வடக்கில் நல்ல மழை. உப்பின் அளவைக் கூட்டக் கூட்டத் தடை குறைந்துகொண்டே வந்தது. உப்பு 30 விழுக்காடு ஆனபோது தடை 200 ஓம். கடத்துதிறனாகச் சொன்னால் சென்டிமீட்டருக்கு 5×10⁻⁵ சீமென்ஸ். திரவம் எதுவும் சேர்க்காத ரப்பருக்கு இது மிக உயர்ந்த எண். 30 விழுக்காட்டுக் கலவையையே மேற்பார்வையாளர் தேர்ந்தெடுத்தார். மாணவி மாநாட்டுக்கு அனுப்பச் சுருக்கம் எழுதத் தொடங்கினார்.

கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் மழை நன்றாகக் குறையும். தைப்பூச விடுமுறை முடிந்து வந்து அதே கலவையில் புதிய சவ்வு வார்த்து அளந்தபோது தடை 2,000 ஓமுக்கு மேல் காட்டியது. உப்பு அதே புட்டி, ரப்பர் அதே மூட்டை. எஃகு வட்டுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி அளந்தார்கள். எண் மாறவில்லை. என்னை அழைத்தது இந்தக் கட்டத்தில்தான்.

## ஸ்டோரில் பால் நிறுத்தவரின் கேள்வி

நான் போனபோது மாணவி தடை வரைபடங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மூத்த உதவியாளர் கேட்டார்: "ஏம்மா, மழை நாள்ல இந்தச் சவ்வு விரல்ல ஒட்டுச்சே, இப்ப ஒட்டலையே. இதுல தண்ணி எவ்வளவுன்னு பார்த்தியா?"

"இல்ல மாமா, அனலைசர் எண் மட்டும்தான் எழுதினேன்."

தோட்டத்து ஸ்டோரில் வாளியோடு பாலை நிறுத்து அப்படியே கூலி எழுத மாட்டார்கள். பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலக் என்ற கருவியை மிதக்கவிட்டு, உலர் ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். பாலில் தண்ணீர் எத்தனை பங்கு என்பது தெரியாமல் எடைக்கு அர்த்தமில்லை. தொழில் முழுக்க அதைச் செய்தவர், சவ்விடமும் அதே கேள்வியைக் கேட்டார். ஆய்வகத்தில் அதுவரை வேறு யாரும் கேட்கவில்லை.

உடனே ஒரு துண்டை வெற்றிட அடுப்பில் மிதமாக உலர்த்தி, பத்தில் ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசில் வைத்தோம். வைத்த கணத்திலிருந்தே எண் ஏறியது. கடைசி இலக்கம் நிற்கவே இல்லை. ஒன்று கூடும், சற்று நிற்கும், மறுபடி ஒன்று கூடும். தராசின் கண்ணாடிக் கதவு மூடியிருந்தும் உள்ளே இருந்த காற்றின் ஈரத்தையே சவ்வு குடித்தது. திறந்த அறையில் வைத்த துண்டு அன்று மாலைக்குள் 3 விழுக்காடு கனத்தது.

3 விழுக்காடு சின்ன எண்ணாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், 30 விழுக்காடு உப்புள்ள சவ்வில் ஒவ்வொரு லித்தியம் அயனிக்கும் ஒன்றரைக்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் வந்து சேர்ந்துவிட்டன. அயனி ரப்பர் சங்கிலியைப் பிடித்து நகரத் தேவையில்லை. தண்ணீரோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். அக்டோபரில் அளந்தது அதைத்தான்.

## தடை ஏன் உயர்ந்தது: இரண்டு காரணங்கள்

அனுப்பவிருந்த மாநாட்டுச் சுருக்கத்தை நிறுத்திவைக்கலாம் என்று முதலில் முடிவானது. மேற்பார்வையாளருக்கு இது எளிதாக இல்லை. மாதிரி கேட்ட நிறுவனத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மூடிய பேட்டரிக்குள் லித்தியம் உலோகம் இருக்கும், அங்கே தண்ணீர் இருக்கவே கூடாது என்பதால், ஈரச் சவ்வின் எண்ணைக் காட்டி வாக்குக் கொடுப்பது சரியில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்து, தண்ணீரை முழுவதும் ஓட்டிவிடலாம் என்று 100 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தினார்கள். காலையில் தடை 2 லட்சம் ஓம். அக்டோபரில் வந்ததைவிட ஆயிரம் மடங்கு கூடிவிட்டது. தண்ணீர்தான் காரணம் என்று நிரூபணமானதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சவ்வை மடித்துப் பார்த்தால் முன்பு போல வளையவில்லை, விறைப்பாக இருந்தது. எப்பாக்சைடு வளையம் இறுக்கத்தில் இருக்கும் வளையம். லித்தியம் உப்பும் சிறிது ஈரமும் வெப்பமும் கூடினால் அது திறந்துகொண்டு பக்கத்துச் சங்கிலியோடு பிணைந்துவிடக்கூடும். அப்படி ஆகியிருந்தால் தடை கூடியதில் ஒரு பங்கு தண்ணீர் போனதால், இன்னொரு பங்கு சங்கிலிகள் கட்டுண்டதால். இரண்டையும் பிரிக்காமல் வடிவமைப்பில் எதை மாற்றுவது என்று சொல்ல முடியாது.

பிரிக்க மூன்று சோதனைகள் செய்தோம். புதிதாக ஊற்றிய ஒரே சவ்விலிருந்து இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை 100 டிகிரியிலும், மற்றதை வெற்றிடத்தில் 50 டிகிரியில், எடை குறைவது நிற்கும் வரையிலும் உலர்த்தினோம். மிதமாக உலர்ந்த துண்டின் தடை 40,000 ஓம். பிறகு இரண்டையும் ஈரமான பெட்டிக்குள் வைத்தோம். மிதமாக உலர்ந்தது கிட்டத்தட்ட பழைய 200 ஓமுக்கே திரும்பியது. 100 டிகிரியில் உலர்ந்தது 3,000 ஓமுக்குக் கீழே இறங்கவே இல்லை. திரும்பி வந்த பங்கு தண்ணீருடையது, வராத பங்கு நிரந்தர மாற்றம்.

இரண்டாவதாக, துண்டுகளை மறுபடி டெட்ராஹைட்ரோஃபியூரானில் போட்டோம். மிதமாக உலர்ந்தது கரைந்தது. மற்றது உப்பியதே தவிரக் கரையவில்லை. மூன்றாவது அகச்சிவப்பு நிறமாலை: 100 டிகிரித் துண்டில் 870 அலையெண் அருகே எப்பாக்சைடுக்கு உரிய உச்சம் சிறுத்து, 3,400 அருகே ஹைட்ராக்சில் பட்டை அகன்றிருந்தது. சந்தேகம் தீர்ந்தது. அதன் பிறகு 60 டிகிரிக்கு மேல் எந்தச் சவ்வையும் உலர்த்துவதில்லை என்று எழுதி அடுப்பின் மேல் ஒட்டினார்கள்.

போகிற போக்கில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அளக்கும்போது சுருள்வில் அழுத்தத்தில் சவ்வு நசுங்கி, தடிமன் குறைந்துவிடுகிறது. அளப்பதற்கு முந்தைய தடிமனைக் கணக்கில் போட்டால் கடத்துதிறன் கூடுதலாகவே வரும். நடுவில் ஒரு டெஃப்லான் வளையம் வைத்ததும் இது தீர்ந்தது.

## உப்பு எவ்வளவு: மாறிய கணக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் பயன்படக்கூடியது இங்கேதான் அதிகம் இருக்கிறது.

முதல் அளவீடுகளில் உப்பைக் கூட்டக் கூட்டக் கடத்துதிறன் ஏறிக்கொண்டே போனது என்றேன். பாலிமரில் அப்படி நடப்பது வழக்கமில்லை. உப்பு ஓர் அளவு வரை அயனிகளைக் கூட்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு லித்தியமும் பல ஆக்சிஜன்களை இழுத்துக் கட்டிச் சங்கிலியை இறுக்கும். நேர், எதிர் அயனிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து முடங்கும். ஆகவே கடத்துதிறன் ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டும். இறக்கமே இல்லாத வளைகோடுதான் முதல் எச்சரிக்கை. உப்பு கூடக் கூட அது உறிஞ்சும் ஈரமும் கூடியதால்தான் கோடு இறங்கவில்லை.

ஆக்சிஜன் கணக்கையும் போட்டோம். எப்பாக்சி ரப்பர் 50-ல் 30 விழுக்காடு உப்பு என்றால் ஒரு லித்தியத்துக்கு நான்கு ஆக்சிஜனும் கொஞ்சமும்தான் வருகிறது. அயனி இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள அது போதும். தாவிப் போக அடுத்த இடம் காலியாக இல்லை. உப்பை 12 விழுக்காட்டுக்குக் குறைத்தால் ஒரு லித்தியத்துக்கு ஏறக்குறைய 14 ஆக்சிஜன் வரும். உலர்ந்த நிலையில் மறுபடி வரிசையாக அளந்தபோது உச்சமும் அந்தப் பக்கம்தான் இருந்தது. 30 விழுக்காடு அதைவிட மோசமாக இருந்தது.

ஆனால் இதுவும் போதவில்லை. எப்பாக்சைடு ஆக ஆக ரப்பர் இறுகுகிறது. ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் கண்ணாடி நிலை வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி கூடும். எப்பாக்சி ரப்பர் 50-க்கு அது மைனஸ் 20-ஐ ஒட்டி வந்துவிடுகிறது, உப்பு சேர்ந்தால் இன்னும் மேலே. அயனியைப் பிடிக்க ஆக்சிஜன் வேண்டும், நகர்த்த அசைவு வேண்டும். இந்த ரப்பரில் முன்னதைக் கூட்டினால் பின்னது குறைகிறது.

மேற்பார்வையாளர் எப்பாக்சி ரப்பர் 25-க்கு மாறலாம் என்றார். மாணவி ஊற்றிப் பார்த்தார். உப்பு முழுதாகக் கரையாமல் சவ்வு பால்வெள்ளையாகக் கலங்கியது. அது கைவிடப்பட்டது.

இரண்டு வேலையையும் ஒரே பொருளிடம் கேட்காமல் பிரித்துக் கொடுக்கலாம் என்பது நான் சொன்ன யோசனை. எப்பாக்சி ரப்பர் 50-ஐப் புற ஊதா ஒளியில் லேசாகக் குறுக்கே இணைத்து வலிமையான வலையாக வைப்பது. அந்த வலைக்குள் மூன்றில் ஒரு பங்கு எடைக்கு, இரு முனையிலும் மெத்தில் குழு கொண்ட குட்டையான பாலிஎதிலீன் கிளைக்கால் ஈதர் சங்கிலிகளை நிரப்புவது. குட்டைச் சங்கிலி தாராளமாக நெளியும், அதில் ஆக்சிஜனும் நிறைய. சாதாரண பாலிஎதிலீன் கிளைக்கால் மலிவுதான். ஆனால் அதன் முனையில் இருக்கும் ஹைட்ராக்சில் லித்தியம் உலோகத்தோடு வினைபுரியும். அதனால்தான் மெத்தில் முனை.

குட்டைச் சங்கிலியைச் சேர்த்தால் இதைத் திடப்பொருள் என்று சொல்லலாமா என்று மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. சவ்வை இரண்டு வடிதாள்களுக்கு நடுவே எடை வைத்து அழுத்திப் பார்த்தார். தாளில் கசிவு இல்லை, எடையும் குறையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் மனம் சமாதானமானது. பாதி எடைக்குச் சேர்த்த கலவையில் கசிவு வந்தது. எனவே மூன்றில் ஒன்று என்ற அளவோடு நிறுத்தினார்கள்.

## கிடைத்தது என்ன

புதிய சவ்வு உலர்ந்த நிலையில், 30 டிகிரியில், 100 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு 2,500 ஓம் காட்டியது. கடத்துதிறன் 4×10⁻⁶. அக்டோபரில் வந்த எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இது சவ்வின் சொந்த எண். 60 டிகிரி வரை சூடாக்கி மறுபடி ஆறவிட்டபோது போன பாதையிலேயே திரும்பி வந்தது. பழைய ஈரச் சவ்வு அப்படி வரவில்லை. சூடேறியபோது தண்ணீரை இழந்து, ஆறும்போது வேறு கோட்டில் இறங்கியது.

லித்தியம் உலோகத்தோடு செய்ய வேண்டிய சோதனைக்கு ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டி வேண்டும். பாடாங் செராயில் அது இல்லை. மாணவி காற்றுப் புகாத டப்பாவில் துண்டுகளை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் செய்தார். மொத்த மின்னோட்டத்தில் லித்தியம் சுமப்பது கால் பங்குதான் என்று தெரிந்தது. மீதியை எதிர் அயனி சுமக்கிறது. அது பேட்டரிக்கு உதவாது. இந்த வகைப் பாலிமர்களில் இது புதிதல்ல, பாலிஎதிலீன் ஆக்சைடிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான்.

நிறுவனத்துக்கு என்ன சொல்வது என்பதை இந்த எண்களே தீர்மானித்தன. சவ்வை 30 மைக்ரோமீட்டருக்கு மெலிதாக்கி, பரப்பை 4 சதுர சென்டிமீட்டர் ஆக்கினால் தடை 190 ஓமுக்கு வந்துவிடும். 10 மைக்ரோ ஆம்பியரில் இழப்பு 2 மில்லி வோல்ட், பொருட்டே இல்லை. 1 மில்லி ஆம்பியரில் 0.19 வோல்ட். அதிலும் லித்தியம் சுமப்பது கால் பங்கு என்பதால் நேரம் ஆக ஆக அது நான்கு மடங்கை நோக்கிப் போகும். முனைகளின் தடை தனி. ஆகவே தகவல் பட்டைக்கு இது ஆகாது என்று மேற்பார்வையாளர் நேராகவே எழுதிவிட்டார். மண் ஈர உணரிக்கு மாதிரி தரலாம் என்றும் எழுதினார். கெடாவில் குளிர் என்று ஒன்று இல்லாதது உணரிக்குச் சாதகம். இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே போகும், பகலில் பெட்டி வெயிலில் சூடானால் கடத்துதிறன் கூடவே செய்யும். நிறுவனம் ஏற்றுக்கொண்டு சோதனைக்கு மாதிரிகளை வாங்கிக்கொண்டது. மாநாட்டுச் சுருக்கம் உலர்ந்த எண்களோடு புதிதாக எழுதப்பட்டது.

## இனி மாற்றிச் செய்வது

இப்போது ஒவ்வொரு சவ்வையும் அளப்பதற்கு முன்னும் பின்னும் நிறுக்கிறார்கள். குறிப்பேட்டில் அறையின் ஈரப்பதம் தடை எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் வருகிறது. அளந்த பிறகுள்ள தடிமன்தான் கணக்கில் ஏறுகிறது. உப்பே சேர்க்காத ரப்பர்த் துண்டு ஒன்று ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறது. அதுவும் கடத்தினால் வேறு ஏதோ புகுந்திருக்கிறது என்று பொருள். எடை பார்க்கும் பொறுப்பு மூத்த உதவியாளருடையது. அவர் கையெழுத்து இல்லாத எண்ணை மாணவி வரைபடத்தில் சேர்ப்பதில்லை.

தொடக்கத்திலேயே மாற்றியிருக்க வேண்டியது என்று நான் கருதுவது உலர்த்தும் முறையை. புதுப் பாலிமர் எதுவானாலும், எந்த வெப்பம் வரை அது மாறாமல் இருக்கும் என்று நிறமாலையில் பார்த்துவிட்டு, அப்புறம் அடுப்பின் வெப்பத்தை முடிவு செய்ய வேண்டும். ஈரம் அதிகமுள்ள நம் ஊர்களில் இதைத் தள்ளிப்போட முடியாது.

உணரியின் உறை வழியாக ஈரம் எவ்வளவு புகுகிறது என்பது இன்னும் தெரிய வேண்டியிருக்கிறது. மூடிய மாதிரிகளைத் தோட்டத்திலேயே புதைத்து, மழைக்காலம் முடியும் வரை வைத்து, எடையும் தடையும் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த எண்கள் கையில் வந்த பிறகுதான் சவ்வைப் பெரிய அளவில் வார்ப்பதைப் பற்றி ஆலையும் நிறுவனமும் பேசும்.